மூங்கில் பூத்த மலையில் மக்களாட்சி

மிசோரம் என்றால் தேசப்படத்தின் கிழக்கு மூலை ஒன்றே நம்மிற் பலருக்கு நினைவு வரும். தாவரவியல் முதுகலை மாணவனாகிய நான் அம்மலையின் மூங்கிலைப் பற்றிப் படிக்கப் புகுந்தேன். படித்ததோ உள்ளாட்சியின் வரலாற்றை! அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முன்னாளில் அங்கே ஊருக்கொரு தலைவன் இருந்தான். அவனை 'லால்' என்பர். எந்தச் சரிவில் எவர் காடு வெட்டிப் பயிரிடுவது என்று முடிவு செய்பவன் அவனே. விளைந்த நெல்லிலும் வேட்டையில் வீழ்ந்த விலங்கிலும் அவனுக்குப் பங்குண்டு. ஆங்கிலேயர் 1890-களில் மலையைக் கைப்பற்றினர். 1898-இல் வடக்கையும் தெற்கையும் இணைத்து அசாமின் கீழ் லுஷாய் மலை மாவட்டம் ஆக்கினர். தலைவர்களை அவர்கள் நீக்கவில்லை. அவர்களைக் கொண்டே ஆண்டனர்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணைப்படி 1952-இல் மாவட்ட மன்றம் அமைந்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் மன்றங்களைத் தோற்றுவித்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தலைவர்களின் உரிமைகளை எடுத்துக்கொண்டது. பிறப்பால் வந்த அதிகாரம் வாக்கால் வரலாயிற்று. இரத்தம் சிந்தாமல் நிகழ்ந்த புரட்சி அன்றோ இது!

ஆனால் அதிகாரம் வந்த அளவுக்குப் பணம் வந்ததா? இங்கேதான் மூங்கில் குறுக்கிடுகிறது. அம்மலையின் 'மவ்தக்' மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடியும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலில் பாயும். விளைவு பஞ்சம், அதன் பெயர் 'மவ்தாம்'. 1911-இல் அதனைக் கண்ட முதியோர் 1950-களின் இறுதியில் மீண்டும் வருமென உணர்ந்தனர். 1958-இல் மாவட்ட மன்றம் தீர்மானம் நிறைவேற்றி அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1959-இல் பஞ்சம் வந்தது.

தலைமுறை தலைமுறையாகக் கண்டு, காலக்கணக்கோடு சொன்ன செய்தி அறிவியல் ஆகாதா? ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதானே!

பஞ்ச நிவாரணத்துக்கென எழுந்த அமைப்பு 1961-இல் அரசியல் முன்னணியாயிற்று. 1966-இல் கிளர்ச்சி வெடித்தது. 1967 முதல் சிற்றூர்கள் பல பெயர்க்கப்பட்டுச் சாலையோரம் தொகுக்கப்பட்டன. ஊரே இடம் பெயர்ந்தால் ஊர் மன்றம் எதனை ஆளும்? 1972-இல் மிசோரம் ஒன்றியப் பகுதியாயிற்று. 1986-இல் உடன்பாடு, 1987-இல் தனி மாநிலம். லாய், மாரா, சக்மா மக்களுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இன்றும் உண்டு.

2007-ஐ ஒட்டி மூங்கில் மீண்டும் பூத்தது. அப்பொழுதும் விளைச்சல் பெரிதும் அழிந்தது. எனினும் ஐசாலில் மக்களின் சொந்த அரசு இருந்தது. பூக்குமுன்பே திட்டம் தீட்டியிருந்தது.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாம். நாளை நம்மிற் சிலர் தொலைவிலுள்ள மாவட்டங்களுக்கு அதிகாரிகளாகச் செல்லக்கூடும். ஒரு சிற்றூர் மன்றத்தின் தீர்மானம் நம் மேசைக்கு வரும்போது, அதனை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவோமாக!