கூழ் கிடைக்கிறது, நம்முடைய படம் எங்கே?

கொழும்புக்குப் புதிதாக வந்தவருக்கு எங்கே சாப்பிடலாம், எங்கே படம் பார்க்கலாம் என்று எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டார். முதல் பாதி சுலபம். வெள்ளவத்தையில் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் போன பக்கமெல்லாம் சாப்பாட்டுக்கடைதான். விடியற்காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் கோப்பையில் லஞ்ச் ஷீட் விரித்து, சோற்றைச் சுற்றி நாலு மரக்கறி. பின்நேரம் மேசையில் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு தட்டு வந்து நிற்கும். ரோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் அதில் இருக்கும். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். ஊருக்குப் புதியவர்கள் முழுத் தட்டுக்கும் பில் வரும் என்று பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இருட்டினால் கொத்துரொட்டிச் சத்தம் தொடங்கிவிடும். அதுவும் வேண்டாம், ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்பவருக்குச் சில கடைகளில் ஒடியல் கூழும் உண்டு. நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் உறைப்புமாக. இந்தக் கடைகளில் பரிமாறும் பிள்ளைகளில் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். “தம்பி, இன்னும் கொஞ்சம் சொதி விடும்” என்று யாழ்ப்பாணத்து ஐயா கேட்க, “இந்தா வாறேங்கய்யா” என்று ஹட்டன் பக்கத்துக் குரல் வரும். இரண்டு ஊரும் தினமும் ஒரே மேசையில்தான் சந்திக்கின்றன.

கொட்டாஞ்சேனை வேறு ருசி. கத்தோலிக்கக் குடும்பங்கள், கொழும்புச் செட்டிகள், இந்திய வம்சாவளி வியாபாரிகள், துறைமுகத்து வேலைக்காரர் என்று எல்லோரும் நெருங்கி வாழ்கிற இடம். மாலையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தால் அப்பக்கடைகளில் சின்னத் தாச்சிகள் வரிசையாக அடுப்பில் இருக்கும். ஒருவரே அத்தனையையும் கவனிப்பார். ஒன்றில் மாவை விட்டுச் சுழற்றுவார், அடுத்ததை மூடுவார், மூன்றாவதில் முட்டையை உடைத்து ஊற்றுவார். ஓரம் கருகுவதற்குள் தூக்கிக் கட்டைச் சம்பலோடு தருவார். அதை நின்றபடி சாப்பிடுவதுதான் சரி. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் சவண்டுவிடும்.

இனிப் படம். இங்கேதான் எனக்கு எழுத்து ஓடவில்லை.

வெள்ளவத்தையில் சவோய் தியேட்டர் இன்றும் இருக்கிறது. காலி வீதியிலேயே முன்பு இருந்த பிளாசாவும், கொட்டாஞ்சேனைக்காரர் பெயர் சொல்லி உருகும் செல்லமஹாலும் இன்று பேச்சில்தான் ஓடுகின்றன. புதிய திரைகள் கடைத்தொகுதிகளின் மேல்மாடிகளுக்கு ஏறிவிட்டன. தமிழ்ப் படம் பார்க்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் வெளியாகிற அதே நாளில் இங்கும் வெளியாகிறது, விடியற்காலைக் காட்சி, பால்குடம், பட்டாசு எல்லாம் உண்டு. நானும் போவேன். ஆனால் இந்த நாட்டுத் தமிழர் எடுத்த படம் எங்கே ஓடுகிறது என்று புதிதாக வந்தவர் கேட்டால், அழைத்துப்போய்க் காட்ட ஓர் இடம் இல்லை.

எடுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். 1962இல் ‘சமுதாயம்’, அடுத்த ஆண்டு ‘தோட்டக்காரி’. 1972இல் ‘குத்துவிளக்கு’. எழுபதுகளில் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. வானொலியில் சிரிக்க வைத்த நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைக்கு வந்தது. 1977இல் சிங்களவரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சாதியையும் சீதனத்தையும் வைத்து ‘பொன்மணி’ எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ படமானது. எல்லாம் நல்ல படங்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், சிலவற்றைப் பொறுமையோடுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் அவற்றில் பேசியவர்கள் நம் தெருக்காரர்கள். பிறகு 1983 ஆடியில் தமிழருக்கு எதிரான வன்முறை. அதைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெந்தளையில் ஸ்டூடியோ எரிந்தது, தியேட்டர்கள் எரிந்தன, பிரதிகளும் போயின.

இன்று கமரா மலிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், மலையகத்தில் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள், முழுநீளப் படமும் எடுக்கிறார்கள். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்து வந்திருக்கிறது. போரைப் பற்றி ஜூட் ரட்ணம் எடுத்த ஆவணப்படம் 2017இல் கான் விழா வரைக்கும் போனது. கொழும்பில் இப்படியான படங்களைப் பார்க்க வேண்டுமென்றால், வெளிநாட்டுக் கலாசார நிலையம் ஏதாவது ஒரு மாலை மண்டபத்தைத் திறக்க வேண்டும். அந்த நிலையங்கள் கறுவாத்தோட்டப் பக்கத்தில் இருக்கின்றன. ஜம்பட்டா வீதியில் கடையைப் பூட்டிவிட்டு வருகிற மனுசனுக்கு அந்த அழைப்பிதழ் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் படம் முடிந்து நடக்கும் கலந்துரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இவற்றைத் தியேட்டரில் போட்டால் என்ன என்று கேட்டேன். “கூட்டம் வராது, ஐயா. கரண்ட் பில் யார் கட்டுவது?” என்றார் தியேட்டர் தொழிலில் இருக்கிற நண்பர். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் காட்சிகளை நிறுத்திய காலத்தை அவர் மறக்கவில்லை, அது நியாயமும்தான். கைபேசியிலேயே பார்த்துவிட்டுப் போகலாமே என்கிறவர்களும் உண்டு.

ஆனால் நண்பர் போடுவது ஒவ்வொரு நாளும் மூன்று காட்சிக்கான கணக்கு. நான் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்தரைக் காட்சி. அந்த நேரத்தில் பெரிய படத்துக்கே பாதி இருக்கை காலி. ஒடியல் கூழைக்கூட எந்தக் கடைக்காரரும் எல்லா நாளும் காய்ச்சுவதில்லை. வார இறுதியில் ஒரு பானை வைக்கிறார்கள், முதல் நாளே சொல்லி வைத்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். பிந்தி வருகிறவருக்கு மிஞ்சுவதில்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், கொட்டாஞ்சேனையில் ஒன்று, படம் எடுத்தவரே வாசலில் நின்று டிக்கெட் விற்கட்டும். இதற்கு எவ்வளவு முடியும் என்று நண்பரிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை.