'வேர்ஆஸ்' என்று தொடங்கும் வங்கி நோட்டீஸ்... அர்த்தம் என்ன தெரியுமா?

"கொஞ்சம் படிச்சுச் சொல்லுடா" என்று வங்கியிலிருந்து வந்த நோட்டீஸை சித்தப்பா நீட்டினார். முதல் சொல்லே 'வேர்ஆஸ்'. எனக்குத் தெரிந்த அர்த்தத்தைப் பொருத்திப் பார்த்தேன். வாக்கியம் பிடிபடவே இல்லை.

பள்ளியில் நாம் படித்தது, இரண்டு விஷயங்களை வேறுபடுத்திக் காட்டும் 'வேர்ஆஸ்'. 'அக்கா காபி குடிப்பாள், தம்பியோ டீதான் குடிப்பான்' என்பதில் அந்த 'ஓ' செய்கிற வேலைதான் அதற்கு. பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில் வரும்.

சட்ட ஆவணங்களின் தொடக்கத்தில் வருவது வேறு. 'இன்னது இவ்வாறு இருப்பதால்' என்று அர்த்தம். 'வேர்', 'ஆஸ்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி 14-ம் நூற்றாண்டில் உருவானது இது. முதலில் வெறும் 'எங்கே' என்ற பொருளில் புழங்கியது. அது வழக்கொழிந்து, மற்ற இரண்டு அர்த்தங்களும் நிலைத்துவிட்டன. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் முகவுரையே இந்தச் சொல்லில்தான் தொடங்கும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு தொடக்கம் இல்லை. நல்லவேளை!

ஒப்பந்தங்களில் 'வேர்ஆஸ்' என்று தொடங்கும் பத்திகள் எல்லாம் பின்னணிக் கதை. யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக இந்த ஆவணம் என்பது அங்கே இருக்கும். யார் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். அதற்காக முன்பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். பெயர், தேதி, தொகையில் தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சித்தப்பாவுக்கு வந்தது, 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படியான சுவாதீன நோட்டீஸ். முதல் பத்தி, கடனை 60 நாளில் கட்டும்படி ஏற்கெனவே கேட்டிருந்ததைச் சொன்னது. அதை மட்டும் பார்த்துவிட்டு, இதுவும் இன்னொரு நினைவூட்டல் கடிதம் என்றே அவர் நினைத்திருந்தார். பணம் கட்டாததால் வீட்டைச் சுவாதீனம் எடுத்தாயிற்று என்பது இரண்டாவது பத்தியில் இருந்தது!

இதை எதிர்த்து கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக, நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு. மறுநாள் காலையிலேயே வக்கீலைப் பார்க்கப் போனோம். அதற்குள் 11 நாள் போயிருந்தது.