கழற்றிய பிறகு இடியுங்கள்

புனேயின் பேட்டைகளில் பழைய வாடா வீடுகளை இடிப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். கடப்பாரை சுவரில் விழுமுன்பே தேக்குத் தூண், கதவு, ஜன்னல் எல்லாம் இறங்கியிருக்கும். அவற்றை வாங்க ஆள் உண்டு.

கோத்ரூடில் எங்கள் பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கும்போது நானும் அந்த வரிசையில்தான் போனேன். "எல்லாத்தையும் உடைச்சு ஒரே டெம்போவில ஏத்திடறேன், மேடம்" என்றார் காண்டிராக்டர். வேண்டாம் என்றேன். முழுசாகக் கழற்றினால் கதவுக்குக் காசு கிடைக்கும். உடைத்துவிட்டால் அதுவும் ராடாரோடாதான். இடிபாட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதை அள்ள நாம் காசு தரவேண்டும்.

முதலில் மரம். தேக்குக் கட்டிலுக்கும் நிலைக்கதவுக்கும் உடனே ஆள் வந்தது. சில்லறைச் சாமான்களுக்கு புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜார் இருக்கிறது. பிளைவுட் அலமாரிதான் தலைவலி. அடியில் ஈரம் ஏறி உப்பிய பலகையை யாரும் சீண்டமாட்டார்கள். குளிர்காய எரிக்க வாட்ச்மேன் கேட்டார், கொடுக்கவில்லை. பிளைவுட்டை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு, புகை நெஞ்சுக்கு ஆகாது. நல்ல நிலையில் இருந்த இன்னொரு அலமாரியை ஸ்வச் முகாமில் கொடுத்தேன். குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவு அது. 1993-ல் அவர்கள் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. பழைய மரச்சாமான், துணி, மின்சாதனங்களை முகாம் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து உலோகம். பித்தளைக் குழாய், செம்புக் கம்பி, அலுமினியச் சட்டம், இரும்புக் கிரில் எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள். ஒன்றாகக் குவித்தால் பழைய சாமான் வாங்கும் பங்கார்காரர் இரும்பு விலைதான் போடுவார். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடையாமல் மின்கழிவோடு சேருங்கள்.

கடைசியில்தான் டைல்ஸ், செங்கல், சாந்து. கட்டடக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. இடிபாட்டை நொறுக்கி மீண்டும் பயன்படுத்த வாகோலியில் ஆலை இருக்கிறது. மூட்டையில் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்தால் அந்த வேலை கெடும். அங்கே போகாத லோடு பல நேரம் இரவோடு இரவாக முட்டா ஆற்றங்கரையில் இறங்குகிறது. 2024 ஜூலையில் சிங்ககட் சாலைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தபோது, ஆற்றில் கொட்டிய ராடாரோடாவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

ஆகவே, கொட்டேஷனில் 'இடித்து அகற்றுதல்' என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றக் கூலி எவ்வளவு, இடிக்க எவ்வளவு, கடைசி லோடு எங்கே போகிறது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.