எடை குறைந்த துப்பாக்கி: வசதி யாருக்கு, விலை யாருக்கு?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் மாத மூன்றாம் சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. கோழி இனத்தைச் சேர்ந்த இந்தப் பறவை 1880களில் ஆசியாவிலிருந்து ஆரிகன் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று அது தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவை. சேவலை மட்டுமே சுடலாம், பெட்டையைச் சுடக் கூடாது, ஒருவர் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வீழ்த்தக் கூடாது என்பது விதி. அந்த மூன்று பறவைகளுக்காக வேட்டைக்காரர் நாயுடன் சோளக்கொல்லையிலும் முழங்கால் உயரப் புல்லிலும் பல மைல்கள் நடக்கிறார். நாள் முழுவதும் நடந்தாலும் அவர் பத்து முறை சுட்டால் அதிகம்.

இதே மனிதர் கோடைக்காலத்தில் களிமண் தட்டு சுடும் மைதானத்துக்குச் செல்கிறார். பெயர் களிமண் என்றாலும், சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் சேர்த்து வார்க்கப்படும் தட்டுகள் அவை. விட்டம் 110 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். அங்கே நடை குறைவு. ஒரே பிற்பகலில் 100 தோட்டாக்கள் தீர்ந்துவிடும். சுமக்கும் நேரம் நீண்டு, சுடுவது சில முறை மட்டுமே என்பது வேட்டை. சுமப்பது சிறிது நேரம், சுடுவது நூறு முறை என்பது மைதானம். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவருக்குச் சந்தை தரும் விடை, எடை குறைந்த அரை தானியங்கி ஷாட்கன்.

மடிக்கணினி, மிதிவண்டி, பயணப்பை என எதை வாங்கினாலும் இலகுவானதே மேலானது என்று பழகிவிட்டோம். ஆனால் துப்பாக்கியில் எடை என்பது வெறும் சுமையன்று; அதற்கென ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை உணராமல் எடையைக் குறைத்தால், அதன் விலையை முதலில் சுடுபவரின் தோளும், இறுதியில் காயத்தோடு பறந்துபோகும் பறவையும் தருகின்றன.

எடை குறைவது எப்படி?

ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெடித்து, வெற்று உறை வெளியே தள்ளப்பட்டு, அடுத்த தோட்டா தானே ஏறுவதே அரை தானியங்கி முறை. இதை ஷாட்கன்னில் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்துகாட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங். தம் முந்தைய வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு மொத்த விலைக்கு விற்றுவந்த அவர், இதற்கு மட்டும் விற்பனையாகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்கச் சென்றார். 1902 ஜனவரியில் அந்தச் சந்திப்புக்குச் சற்று முன் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் பெல்ஜியத்தின் எஃப்என் ஆலையை நாடினார். அங்கே உருவான ‘ஆட்டோ-5’ 1998 வரை உற்பத்தியில் இருந்தது.

ஆட்டோ-5இல் சுட்டவுடன் குழலே பின்னோக்கி நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். இன்று பரவலாக உள்ளவை வேறு இரண்டு முறைகள். முதலாவது, வெடிப்பில் எழும் வாயுவில் ஒரு பகுதியைக் குழலிலுள்ள சிறு துளை வழியே எடுத்து ஒரு பிஸ்டனைத் தள்ளும் முறை. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதை மக்களிடம் கொண்டுசேர்த்தது. இரண்டாவது, இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் புகழ்பெறச் செய்த நிலைமத்தால் இயங்கும் முறை. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது உள்ளிருக்கும் கனத்த பூட்டு மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. இடையிலுள்ள சுருள்வில் அழுத்தப்பட்டு, பின் விரிந்து, பொறியை இயக்குகிறது. இதில் பிஸ்டனும் வாயுத் துளையும் இல்லை. உறுப்புகள் குறைவு, கரி படிவது குறைவு, எடையும் குறைவு.

அரை தானியங்கியின் எடை குறைய மற்றொரு காரணமும் உண்டு. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது குழலின் பின்நுனியோடு பூட்டிக்கொள்ளும் எஃகுப் பூட்டுதான். அதைச் சுற்றியுள்ள உடற்பகுதிக்கு அந்தச் சுமை இல்லை என்பதால் அதை அலுமினியத்தில் வார்க்கலாம். இவ்வாறு, 3.5 கிலோவை ஒட்டியிருக்கும் மைதானத் துப்பாக்கிகளுக்கு எதிரே, 2.7 கிலோ அளவிலான 12 போர் துப்பாக்கிகள் கிடைக்கின்றன. 20 போரில் எடை இன்னும் குறையும்.

போர் கணக்கு நம் ஊரிலும் பழகியதுதான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அது 12 போர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

தோள் அறியும் கணக்கு

குண்டுகள் முன்னோக்கிப் பெறும் உந்தம் அளவுக்கே துப்பாக்கியும் பின்னோக்கிப் பெறுகிறது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. தோட்டா ஒன்றே என்றால், பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். 3.5 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்கு இறங்கினால் அந்த ஆற்றல் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடுகிறது. வயலில் ஐந்தாறு முறை சுடுபவருக்கு இது ஒரு பொருட்டன்று. மைதானத்தில் நூறாவது தோட்டாவைச் சுடுபவருக்கு அப்படியன்று.

தோள்வலி ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆறாதது பழக்கம். அடி விழப்போகிறது என்று உடல் கற்றுக்கொண்டால், விசையை இழுக்கும் முந்தைய கணத்தில் கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குழல் தன் பாதையிலிருந்து விலகும். இலகுவான துப்பாக்கியில் தொடங்கிய புதியவர்கள் பலர் தமக்குத் திறமையில்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான். குறை அவர்களிடமில்லை; துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பொருத்தமில்லை.

வாயுவால் இயங்கும் முறை இந்த அடியைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது. மொத்த உந்தம் மாறாவிட்டாலும், குத்துப் போல விழுவது தள்ளுப் போல உணரப்படும். எனவே மைதானத்தில் அதிகம் சுடுபவர்கள் வாயு முறையை விரும்புவதும், நடந்து வேட்டையாடுபவர்கள் நிலைம முறையை விரும்புவதும் காரணத்தோடுதான்.

எடையின் இரண்டாவது வேலை, அசைவை நிதானப்படுத்துவது. பறக்கும் இலக்கைச் சுடும்போது குழல் அதனோடு நகர்ந்து, அதை முந்தி, விசையை இழுத்த பிறகும் நிற்காமல் செல்ல வேண்டும். கனமான துப்பாக்கி தொடங்கத் தாமதிக்கும், ஆனால் தொடங்கிய பின் தானே ஓடும். இலகுவானது சட்டென்று எழும், சட்டென்று நின்றும்விடும். நின்றால் குண்டுகள் பறவைக்குப் பின்னால் போகும். காலடியிலிருந்து திடீரெனக் கிளம்பும் காடைக்கு இலகுவானது ஏற்றது. குறுக்கே நீளப் பறக்கும் தட்டுக்குக் கனமானது ஏற்றது. ஒலிம்பிக் டிராப் போட்டியில் 24 கிராம் குண்டுகளே அனுமதிக்கப்பட்டிருந்தும், வீரர்கள் மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட மேல்-கீழ் இரட்டைக் குழல் துப்பாக்கிகளையே பெரிதும் ஏந்துகிறார்கள். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியது இந்தப் போட்டியில்தான். எடையை அவர்கள் சுமையாகக் கருதுவதில்லை.

சட்டமும் ஈயமும்

தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கி பறவைகளுக்கு என்ன செய்யும் என்ற அச்சம் அமெரிக்காவில் வெகு முன்பே எழுந்தது. கோடிக்கணக்கில் இருந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. சந்தைக்காகக் கணக்கின்றிச் சுட்டதும் அதன் அழிவுக்கு முக்கியக் காரணம். 1918இல் வலசைப் பறவைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1935இல், வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் ஒரு நேரத்தில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என விதிக்கப்பட்டது. ஐந்து தோட்டா கொள்ளும் துப்பாக்கியிலும் ஒரு தக்கையைச் செருகி மூன்றாகக் குறைக்க வேண்டும். கருவியின் வேகத்துக்குச் சட்டம் போட்ட கடிவாளம் இது; வாத்துக்கும் புறாவுக்கும் இன்றும் நடைமுறையில் உள்ளது.

அடுத்தது ஈயம். சதுப்பு நிலத்தில் விழும் ஈயக் குண்டுகளை வாத்துகள் அரைகற்கள் என எண்ணி விழுங்கி, நஞ்சேறி இறக்கின்றன. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடைசெய்தது. டென்மார்க் 1996இல் ஈயக் குண்டுகளை விலக்கியது. கலிஃபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் தடையை விரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 முதல் ஈயம் கூடாது.

ஈயத்துக்கு மாற்றாக வந்த எஃகு, அடர்த்தியில் அதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஒரே அளவுள்ள எஃகுக் குண்டு விரைவில் வேகம் இழக்கும். ஈடுசெய்யக் குண்டின் அளவையும் புறப்படும் வேகத்தையும் கூட்டுகிறார்கள். வேகம் கூடினால் பின்னுதைப்பும் கூடும். நியாயமான ஒரு சூழல் விதி, இலகுவான துப்பாக்கி வைத்திருப்பவரின் தோளை இவ்வாறு இன்னும் சோதிக்கிறது. இதற்காக விதியைக் குறைகூறுவதில் பொருளில்லை. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறோம் என்று கேட்டுக்கொள்வதே அறிவு. குழல் வாயை ஒடுக்கும் ‘சோக்’ குழாயையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும். எஃகு அதிகம் சிதறாது என்பதால் ஈயத்துக்குப் பயன்படுத்தியதைவிடத் திறந்த சோக் போதும். மிக இறுக்கமான சோக்கில் எஃகைச் சுட்டால் குழலுக்கே கேடு வரலாம்.

எதைத் தேர்வது?

முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். கட்டையின் நீளமும் சாய்வும் உடலுக்கு இயைந்தால், முகம் கட்டையில் பதிந்ததும் கண் தானாகவே குழலின் நேரே அமையும். அரை தானியங்கிகள் பலவற்றோடு கட்டைக்கும் உடற்பகுதிக்கும் இடையே செருகும் மெல்லிய தகடுகளும் வருகின்றன. இவற்றால் சாய்வை மாற்றிக்கொள்ளலாம். உயரம் குறைந்தவர்க்கும் பெண்களுக்கும் இது எடையைவிட முக்கியமானது. பொருந்தாத துப்பாக்கி எவ்வளவு கனமாக இருந்தாலும் கன்னத்தில் அடிக்கும்.

இரண்டாவது, தோட்டா. துப்பாக்கியை மாற்றாமலேயே பின்னுதைப்பைக் குறைக்கும் வழி இது. அதே வேகத்தில் 32 கிராம் குண்டுக்குப் பதில் 24 கிராம் ஏற்றினால், பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். தட்டை உடைக்க இரண்டு மூன்று குண்டுகள் பட்டால் போதும் என்பதால் மைதானத்துக்கு 24 கிராமே தாராளம். ஆனால் மிக மென்மையான தோட்டாவில் சில துப்பாக்கிகள் அடுத்ததை ஏற்றத் தவறும். வாங்கும் முன் சுட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்குகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் நடந்தே வேட்டையாடுபவருக்கு இரண்டரைக் கிலோவை ஒட்டிய 20 போர் துப்பாக்கி இயல்பான தேர்வு. பெரும்பாலும் மைதானத்தில் சுடுபவருக்கு மூன்றரைக் கிலோ எடையுள்ள, வாயுவால் இயங்கும் 12 போர். இரண்டும் சமமாக வேண்டுமெனில், மூன்று கிலோ அளவில் 28 அங்குலக் குழலுள்ள, வாயுவால் இயங்கும் ஒன்றை எடுத்து, அதில் மென்மையான தோட்டாக்களைச் சுடுவதே நடுநிலை. விளம்பரம் பெருமையோடு சொல்லும் மிகக் குறைந்த எடை, ஒரே துப்பாக்கி வைத்திருக்கப்போகும் புதியவருக்கு உகந்ததன்று.

பாதுகாப்பில் இரண்டு எச்சரிக்கைகள். மடித்துத் திறக்கும் இரட்டைக் குழலில் தோட்டா உண்டா இல்லையா என்பது தொலைவிலிருந்தே தெரியும். அரை தானியங்கியில் தெரியாது. அதனால் சுடாத நேரத்தில் பூட்டைத் திறந்தே வைக்கும் பழக்கம் வேண்டும். இன்னொன்று, 12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்கள் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலில் நழுவி இடையே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தரப்படுவது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. இங்கு இந்தத் துப்பாக்கிக்கு எஞ்சியிருப்பது விளையாட்டுக் களம் மட்டுமே. வேட்டை சரியா தவறா என்ற விவாதம் அமெரிக்காவிலும் ஓயவில்லை. அது அனுமதிக்கப்பட்ட இடத்திலும் மறுக்க முடியாத கடமை ஒன்று உண்டு: சுட்டால் உடனே வீழ்த்த வேண்டும், இல்லையேல் சுடாமல் விட வேண்டும். தட்டு தவறினால் ஒரு புள்ளி குறையும். பறவையின் மேல் இரண்டு குண்டுகள் மட்டும் பட்டால் அது தொலைவில் எங்கோ விழுந்து, மெல்லச் சாகும். சுடுபவர் அதைப் பார்ப்பதில்லை. அவர் கணக்கில் அது வெறும் தவறிய குறிதான்.

ஆகவே துப்பாக்கிக் கடையில் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதைச் சுமப்பது எனக்கு எவ்வளவு எளிது?’ என்பதோடு முடியக் கூடாது. ‘நாளின் கடைசியில், களைத்த கையோடும் நொந்த தோளோடும், இதைக் கொண்டு நான் குறி தவறாமல் சுடுவேனா?’ என்பதும் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்த துப்பாக்கி, தராசில் அரைக் கிலோ கூடுதலாகக் காட்டினாலும், அதுவே சரியான துப்பாக்கி.