மூக்கு ஈரமாயிருந்தால் போதுமா?

கடலூரோ சிதம்பரமோ, ஊர் ‘மாட்டாஸ்பத்திரி’ என்று அழைக்கும் அரசு கால்நடை மருந்தகத்தின் காலை வரிசை ஒரு கலவைதான். வயிறு உப்பிய ஆடு, சினை பார்க்க வந்த பசு, கூடையில் கோழி, நடுவே சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரு லேப்ரடார். கழனியையும் கறவையையும் நம்பி வாழும் மக்களுக்காக ஏற்பட்ட இடம் அது. செல்லப் பிராணிகள் பின்னால் வந்து சேர்ந்தவை. நோயே இல்லாத நாயைக் கூட்டிவந்தவருக்கு அங்கே கிடைப்பது சில நிமிடங்கள். அவையும் பெரும்பாலும் ஓர் ஊசியிலும் அட்டையில் ஒரு கையெழுத்திலும் கரைந்துவிடுகின்றன. தனியார் கிளினிக்கில் நாற்காலி உண்டு, ஏசி உண்டு. நிமிடக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த நிமிடங்களில் மருத்துவரின் கை எதைத் தேடுகிறது? உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்துக்கு இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்னும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார். வயிற்றை மெல்ல அமுக்கி மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் போலத்தான் படும். மூக்கு ஈரமாயிருந்தால் சுகம், காய்ந்தால் சுரம் என்ற வீட்டுக் கணக்கும் செல்லாது. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

இந்தக் கணக்கை நம்பி, டப்பாவில் கிடக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம். அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஒரே மாத்திரையில் உயிர் போகலாம்.

இந்தக் கடற்கரையில் ஈறைப் பார்ப்பதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: உண்ணி. பழுப்பு நாய் உண்ணி நாயின் மேலேயே குடியிருப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பியதும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதன் பெருக்கத்தைத் தடுக்கிறது. கடலூரின் மார்கழியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அது கடிக்கும்போது ‘எர்லிக்கியா கேனிஸ்’ என்ற பாக்டீரியா நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயை உலகம் கவனித்தது வியட்நாம் போரின்போது. 1960-களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள், முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் வடிந்து நூற்றுக்கணக்கில் மடிந்தன.

இந்நோயின் தந்திரம் அதன் நடுக்கட்டத்தில் இருக்கிறது. முதலில் சில வாரம் காய்ச்சல், சோர்வு. பிறகு நாய் தேறிவிட்டது போலத் தெரியும். மாதக்கணக்கில், சில நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில், வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மட்டும் குறைந்தபடி இருக்கும். கடைசிக் கட்டத்தில் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோனால் மருத்துவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நடுக்கட்டத்தில் பிடித்துவிட்டால் சுமார் நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின்; விலை மலிவான, பழைய மருந்து. நன்றாக இருக்கும் நாயை எதற்கு அழைத்துப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இந்தப் பகுதியில் கிடைக்காது. ஊசி போடப் போகும் அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கையையும் கேட்டுவிடுவது நல்லது.

எப்போது போவது என்பதும் முக்கியம். தென்பெண்ணை, கெடிலம், கொள்ளிடம் என்று ஆறுகள் கடலைச் சேரும் தாழ்ந்த நிலம் இது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டம் பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். அதற்கான தடுப்பூசியின் காப்பை ஓராண்டுக்கு மேல் நம்ப முடியாது. போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாகவும் சில வாரம் வேண்டும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக் கடைசியில் போய்வருவதே இந்த ஊருக்குப் பொருந்தும். வெறிநோய் ஊசியையும் அந்த நாளிலேயே வைத்துக்கொண்டால் மறக்காது.

குட்டிகளின் கணக்கு வேறு. 1978-ல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ வைரஸை 1982-லேயே சென்னை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இன்றும் ரத்தக்கழிச்சலோடு வரும் குட்டிகளின் சொந்தக்காரர்கள் சொல்வது, ‘ஒரு ஊசி போட்டாச்சே சார்.’ தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எந்த வாரம் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இனி, வீட்டிலிருந்து என்ன கொண்டுபோவது. முதலில் மலம்: அன்று காலை எடுத்தது, மூடியுள்ள சின்ன டப்பாவில். நம் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளிலேயே பொரிந்துவிடும். நேற்று முன்தினத்து மலம் சோதனைக்கு உதவாது. இரண்டாவது, செல்போன் வீடியோ. வீட்டில் நொண்டிய நாய் ஆஸ்பத்திரி வாசலில் பயத்தில் நேராக நடக்கும். ராத்திரி இருமலும் அங்கே வராது. மூன்றாவது, சாப்பாட்டுக் கணக்கு. இதில்தான் பெரிய ஓட்டை. நாயை அழைத்துவருபவர் பெரும்பாலும் அதற்குச் சோறு வைப்பவர் அல்ல. ‘காலையில் பால்சோறு, ராத்திரி கோழி’ என்று அவர் ஒப்பிக்கும்போது பாட்டி போடும் இட்லியும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் கணக்கில் வருவதே இல்லை. எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்ட அவற்றில், தன் இணையைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

பூனைக்கு இன்னும் பொறுமை தேவை. பயத்தில் அதன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி, ஆரோக்கியமான பூனையே நோயாளியாகத் தெரியும். கூடையைப் புறப்படும் நேரத்தில் பரணிலிருந்து இறக்காமல், சில நாள் முன்பே கூடத்தில் திறந்து வைத்தால் அது தானே போய்ப் படுத்துப் பழகும். எடையை ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்ல வேண்டும். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம். சிறுநீரகம் முக்கால் பங்கு பழுதான பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறத் தொடங்கும் என்பதால், அந்த 400 கிராம் சில நேரம் ரத்தப் பரிசோதனையை முந்திக்கொள்ளும். ஏழு வயதைத் தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுக்கு இருமுறை போவது நல்லது.

ஸ்கேன், மேல்சிகிச்சை என்று வந்தால் கடலூர்க்காரர்களுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைவிடப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பக்கம். போகும்போது பழைய சீட்டுகள் எல்லாம் பையில் இருக்கட்டும். நாயின் ரத்தத்தில் தட்டணு ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டு முதல் ஐந்து லட்சம் வரை இருப்பது இயல்பு. இன்றைய தாளில் இரண்டு லட்சம் என்று இருந்தால் யாரும் பதற மாட்டார்கள். போன ஆவணியில் அது நான்கு லட்சமாக இருந்தது என்று பழைய சீட்டு காட்டினால், மருத்துவர் அடுத்துக் கேட்பது உண்ணியைப் பற்றித்தான்.