கழன்று விழுகிற பெல்ட்தான் பூனைக்கு நல்லது

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனை வருவது பெரும்பாலும் கட்டைப்பையில்தான். பையைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது பூனையல்ல, வாடை. கழுத்து முடியை விலக்கிப் பார்த்தால் கறுப்புக் கயிறோ நைலான் நாடாவோ சதைக்குள் புதைந்து கிடக்கும். எப்போது கட்டியது என்று மருத்துவர் கேட்டால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "குட்டியா இருந்தப்ப கட்டினது சார். திருஷ்டிக்கு."

இரண்டு மாதக் குட்டி ஒரு கிலோகூட இருக்காது. ஒரு வயதில் அதுவே மூன்று, நான்கு கிலோ ஆகிவிடும். கயிறு வளராது.

வெள்ளாறும் வீராணம் ஏரியும் பக்கத்தில் இருக்க, நெல்லும் கரும்பும் விளைகிற சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் எலிக்கு எந்நாளும் குறைவில்லை. மூட்டை அடுக்கிய வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் பூனை வேலைக்கு வந்த பிராணி. இன்று அது வீட்டுப் பிள்ளையாகவும் ஆகிவிட்டது. கைப்பேசியில் ஆர்டர் போட்டால் மணி, முத்து, பூ வைத்த பெல்ட் வாசலுக்கே வருகிறது. அழகு பார்த்து வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் நிறத்தைப் பார்க்கிற கண் பூட்டைப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற புண்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள்

நாய்க்குப் பட்டை கட்டுவது பிடித்து நிறுத்த. பூனைக்குக் கட்டுவது அடையாளத்துக்கு மட்டும். பூனை மதில் ஏறும், கருவேல முள்ளுக்குள் நுழையும், கரும்புக் கொல்லையில் எலியைத் துரத்தும். எங்காவது பெல்ட் மாட்டிக்கொண்டால் இழுத்த இழுப்பில் பூட்டு தானாகத் திறந்துகொள்ள வேண்டும். அப்படித் திறக்கும் பிளாஸ்டிக் பூட்டு வைத்த பெல்ட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஊசியைத் துளையில் மாட்டும் இரும்பு பக்கிள் பூனைக்கு ஆகாது.

வாங்கும்போதே இரு முனையையும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்க்கலாம். வயது வந்தவர் கை பலம் முழுவதையும் கேட்கிற பூட்டு, நான்கு கிலோ பூனைக்குத் திறக்காது. நாடா ஒரு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். ஓரம் மழமழவென்று தைத்திருக்க வேண்டும். தொங்கும் தகட்டைவிட நாடாவிலேயே தைத்த கைப்பேசி எண் மேல். விக்கிரவாண்டி சாலையை இரவில் கடக்கிற பூனைக்கு ஒளி பட்டால் மின்னும் கோடு போட்ட பெல்ட் நல்லது.

'கழன்றால் தொலைந்துபோகுமே'

இப்படிச் சொல்லித்தான் பலர் பூட்டை இறுக்குகிறார்கள். தொலைவது நாடா. இறுக்கினால் போவது பூனை.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் 538 பூனைகளுக்குப் பெல்ட் மாட்டி ஆறு மாதம் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான பூனைகள் ஆறு மாதமும் அணிந்திருந்தன. ஆகவே, பூனை பெல்ட்டே போடாது என்பது உண்மையல்ல. அதே ஆய்வில் 18 பூனைகளுக்கு முன்னங்கால் பெல்ட்டில் சிக்கியது, அல்லது பெல்ட் வாயிலோ வேறு பொருளிலோ மாட்டியது. நூற்றுக்கு மூன்று என்றாலும் அந்த மூன்றின் வேதனை சிறியதல்ல. கால் உள்ளே நுழைந்துவிட்டால் நாடா அக்குளை அறுக்கத் தொடங்கும். நடக்க நடக்க அசைகிற இடம் என்பதால் புண் மாதக்கணக்கில் ஆறாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

'எலாஸ்டிக் வைத்தது பாதுகாப்பு' என்பதும் தவறு. எலாஸ்டிக் விரிந்துகொடுக்கும்; கால் நுழைய வழி விடுவதே அந்த விரிவுதான்.

'மணி கட்டினால் குருவி தப்பிக்கும்' என்பதையும் நம்பிவிட முடியாது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் தென்மேற்கு இங்கிலாந்தில் 355 பூனைகளை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மணியால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. பறவைகள் கண்ணில் படும்படி பல வண்ணத் துணி மாட்டிய பூனைகள் பறவை பிடிப்பது 42 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்தபோது மொத்த வேட்டையே 36 சதவீதம் குறைந்தது.

'பெல்ட் கட்டிய பூனை ஊசி போட்ட பூனை' என்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை. வெறிநோய் பெல்ட்டைப் பார்ப்பதில்லை. கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாய்ப் பட்டையும் மாட்டு மருந்தும்

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் என்று நாயின் மருந்துப் பட்டையை வெட்டிப் பூனைக்குக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து பூனைக்குத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவை அவற்றில் இருக்கும். நாய்க்குத் தாங்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடல் நடுங்கும், பிறகு வலிப்பு. மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. பட்டையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் குளிப்பாட்டி, உடனே கொண்டுபோக வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு இழந்த உயிர்கள் எத்தனையோ.

பூனைக்கென்றே தயாரான மருந்துப் பட்டைகள் உண்டு. அவற்றையும் எடை, வயது பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே கட்ட வேண்டும்.

இதே ஈரல்தான் பாராசிட்டமாலையும் தாங்காது. கழுத்துப் புண்ணுக்கு வலி என்று கொடுக்கிற ஒரே மாத்திரை உயிரை எடுக்கப் போதும்.

கற்பூரம், பினாயில், பெட்ரோல்

பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் போட்டது எல்லாம் வயிற்றுக்குள் போகும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலந்து தடவுவதும், பினாயில் தண்ணீரில் குளிப்பாட்டுவதும், யூகலிப்டஸ் தைலம் தேய்ப்பதும் விஷம் கொடுப்பதற்குச் சமம். புழு வைத்த புண்ணில் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். புழுவோடு தோலும் வெந்துபோகிறது. தயவுசெய்து வேண்டாம்.

பெல்ட் போட்ட இடத்தில் வட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் பரப்பும். குட்டியைக் கொஞ்சுகிற பிள்ளைகளுக்கும் ஒட்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாடையில் கரும்புள்ளியாகப் பரு வந்தால் பிளாஸ்டிக் தட்டை மாற்றிப் பார்க்கலாம். பீங்கான் ஊரான விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கிறது. பீங்கான் கிண்ணத்தில் கீறல் விழாது, அழுக்கும் தங்காது.

வாரம் ஒருமுறை ஒரு விரல்

ஆறு மாதம் வரை குட்டிக்கு எதுவும் கட்டாமல் இருப்பதே நல்லது. கட்டியே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கால் நுழையக் கூடாது. முடி அடர்ந்த பூனைக்குக் கண் பார்த்துச் சொல்லாது, விரல்தான் சொல்லும். புதுப் பெல்ட் மாட்டிய முதல் சில நாள் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் அணிவியுங்கள். தொலைந்துபோகும் பயம் தீரவில்லையா, அரிசி அளவு மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் வைக்கச் சொல்லுங்கள். அது எதிலும் மாட்டாது.

கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. பெரிய புண் என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்று ராத்திரியே வீட்டுப் பூனையின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். பழைய கயிறு இருந்தால் கத்தரித்து எறியுங்கள். சதையில் ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். மேலே எதையும் தடவாமல், அப்படியே அதே கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.