பால் சொசைட்டிக்கு வந்த வீட்டுப்பாட நோட்டு

மக்காச்சோளத்தில் படைப்புழு, வெங்காயத்தில் நுனிக் கருகல், கறவை மாட்டுக்கு மடிவீக்கம் என்று வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே எப்போதாவது வேறு மாதிரி ஒன்று வருவதுண்டு. பெரம்பலூர் மாவட்டத்து விவசாயி ஒருவர் கேட்டிருந்தார்: ‘‘பையன் ஆறாவது படிக்கிறான். வாய்க்கணக்கு நன்றாகப் போடுவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அவன் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம் கொரோனா. பள்ளிக்கூடத்தையே பார்க்கவில்லை. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?’’

இதற்குப் பதில் சொல்லப் பொருத்தமானவர் அதே மாவட்டத்தில் இருக்கிறார். ஈராசிரியர் தொடக்கப்பள்ளி ஒன்றில் அந்த இரண்டு வருடமும் வேலை பார்த்த ஆசிரியை. பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மானாவாரிக் கரிசல் பூமி. மக்காச்சோளம், பருத்தி, கிணறு உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு. 19 வீடுகளிலிருந்து 27 பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஏறக்குறைய 19 மாதம். அதற்கிடையே பாடப்புத்தகம் வீட்டுக்கு வந்தது. 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. கிராமப்புறப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் எவ்வளவு என்று ‘அசர்’ ஆய்வு நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, 2018-ல் 36.5 சதவிகிதமாக இருந்தது 2020-ல் 61.8 சதவிகிதமாகக் கூடியிருந்தது. ஆனால், வீட்டில் போன் இருப்பது வேறு. பிள்ளை கையில் போன் இருப்பது வேறு.

இதை ஆசிரியை தெரிந்துகொண்டது கொஞ்சம் சூடு பட்ட பிறகுதான். ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, காலை 10 மணிக்கு வீடியோ அனுப்பினார். யாரும் பார்க்கவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. ஒரு தாயிடம், ‘‘ஏங்க்கா, பிள்ளை படிப்பு மேல அக்கறை வேண்டாமா?’’ என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டார். ‘‘களை வெட்டுற கையோட போனை எப்படி டீச்சர் எடுக்கிறது? அதுவும் போன் அவருகிட்ட. அவரு லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு’’ என்றார் அந்த அம்மா.

அதன் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தார். மண் பரிசோதனை செய்யாமல் உரம் போட்டோம் என்று புரிந்த விவசாயி செய்வதைத்தான் அவரும் செய்தார். 19 வீட்டையும் ஒரு நோட்டில் எழுதினார். என்ன போன், யார் கையில் இருக்கும், எத்தனை மணிக்கு வீடு திரும்பும், இந்த மாதம் அந்த வீட்டில் என்ன வேலை, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார். ஸ்மார்ட்போன் 8 வீட்டில். பட்டன் போன் 9 வீட்டில். இரண்டு வீட்டில் எதுவும் இல்லை. எட்டு ஸ்மார்ட்போனில் பகலில் வீட்டில் இருந்தது ஒன்றுதான். அதிலும் பத்தாவது படிக்கும் அக்காவுக்குத்தான் முதல் உரிமை.

வீடியோவை விட்டுவிட்டார். ராத்திரி 7.30-க்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு மட்டும். அதிக டேட்டா பிடிக்காது. சோறு வடிக்கும் நேரத்தில் அடுப்படியில் வைத்தே கேட்கலாம். பட்டன் போன் வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள் கான்ஃபரன்ஸ் கால். ஒரு தடவைக்கு நாலு பிள்ளைகள். ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். பக்கத்தில் மாடு கத்துவதும் அப்பாயி இருமுவதும் சேர்ந்தே கேட்கும். போன் இல்லாத இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு நேரத்தோடு சேர்த்துவிட்டார். சின்ன வெங்காய அறுவடை நடக்கும் வாரங்களில் அழைப்பே கிடையாது. வெங்காயத் தாள் அறுத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அந்த வீடுகளில் உலை வைப்பார்கள் என்பது அவர் நோட்டில் இருந்தது.

எழுதியதைத் திருத்துவது எப்படி? இங்குதான் பால் சொசைட்டி வருகிறது. காலை ஆறு மணிக்கு எப்படியும் எல்லா வீட்டிலிருந்தும் யாராவது கேனோடு அங்கே வருவார்கள். செயலாளரிடம் கேட்டு, சுவரில் ஓர் ஆணி அடித்து மஞ்சப்பை ஒன்றை மாட்டினார். திங்களும் வியாழனும் பால் ஊற்ற வருபவர்கள் பிள்ளையின் நோட்டைப் பையில் போட வேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ திருத்திய நோட்டு அதே பையில் இருக்கும். முதல் இரண்டு மாதம், கொரோனா பயத்தில், நோட்டுகளை ஒரு நாள் வெயிலில் காய வைத்துவிட்டுத்தான் திறந்தாராம். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் கொடுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்த நாட்களையும் அவர் வீணாக்கவில்லை. வரிசையில் இடைவெளி விட்டு நிற்கும் ஒவ்வொருவரிடமும் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார். குறை சொல்வதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டார். குறை கேட்டுப் போனவர் அடுத்த முறை வேறு யாரையாவது அனுப்பிவிடுவார் என்பது அவர் அனுபவம்.

பாடத்தையும் வீட்டிலிருந்தே எடுத்தார். யூரியா மூட்டை 50 கிலோவா, 45 கிலோவா என்று படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் (2018 முதல் 45 கிலோதான், பல பெரியவர்களே இன்னும் 50 என்பார்கள்). டி.ஏ.பி மூட்டையில் 18, 46 என்று போட்டிருப்பதை எழுதி வர வேண்டும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்த வேலை, வீட்டுப் பால் அட்டையைப் பார்த்துப் பத்து நாள் லிட்டரைக் கூட்டுவது. அவள் கூட்டியதில் ஒரு சாயங்காலப் பால் அட்டையில் ஏறாதது தெரிந்தது. செயலாளர் அன்றைக்கே பதிவேட்டைப் பார்த்துச் சரி செய்து கொடுத்தார். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால், அந்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் டீச்சர் போன் என்றால் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

இன்னொரு பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி இல்லாததால் பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டிலும் காட்டிலும் இருந்தார்கள். படைப்புழுவுக்கு மருந்து அடிக்கும் காலம். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார், கையால் தொடாமல். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. ‘‘எங்க வீட்டுல சிவப்பு டீச்சர். அரிசி டிரம்முக்குப் பக்கத்துல இருக்கு’’ என்றான் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த டப்பா மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பூட்டுக்குள் சேர்ந்தது. துறைக்காரர்கள் எத்தனையோ கூட்டம் போட்டுச் சொல்லியும் நடக்காத காரியம் இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பையன் ஆடு மேய்க்கப் போய்விட்டான். அப்பாவிடம் பேசினால், ‘‘பள்ளிக்கூடமே இல்ல, அவன் வீட்டுல இருந்து என்ன டீச்சர் பண்ணப் போறான்?’’ என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆசிரியை வாதாடவில்லை. ‘‘மேய்க்கட்டும் அண்ணே. எத்தனை ஆடு, எது எப்ப குட்டி போட்டுச்சு, எத்தனை குட்டின்னு ஆட்டுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க’’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ‘சுட்டி’, ‘கொம்பு ஒடிஞ்சது’, ‘செவல’ என்று ஆடுகளின் பெயரே அவனுக்கு வாசிப்புப் பாடமானது. அந்த அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். நோட்டை வைத்து எந்த ஆடு ஈற்றுக்குத் தேறும், எதைச் சந்தைக்கு ஓட்டலாம் என்று மகனிடம் படிக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். பள்ளி திறந்த அன்று பையனைக் கூட்டிவந்து விட்டவர்களில் அவரும் ஒருவர்.

எல்லாம் இப்படி முடியவில்லை. ஒரு குடும்பம் 2020 கடைசியில் கரும்பு வெட்ட வெளி மாவட்டம் போனது. ஒரே ஒரு போன் நம்பர்தான் அவர் நோட்டில் இருந்தது, அது அணைந்துவிட்டது. பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தச் சிறுமி வந்தாள். போகும்போது சின்னச் சின்ன வாக்கியம் படித்தவள், வந்தபோது ‘க’வரிசையிலேயே தடுமாறினாள். ‘‘வருஷக்கணக்கா நான் இதை நினைச்சுக்கிட்டு இருக்கேன். சித்தப்பா நம்பர் ஒண்ணு வாங்கி வச்சிருந்தா போதும்’’ என்கிறார் ஆசிரியை. இப்போது அவருடைய பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நம்பர் இருக்கிறது: வீட்டில் ஒன்று, உறவில் ஒன்று, அந்த ஊர்ப் பெட்டிக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ ஒன்று.

அந்தச் சிறுமியை அவர் எப்படி மீட்டார் என்பதில்தான் வாசகர் கேட்ட கேள்விக்கான பதிலும் இருக்கிறது. வயதுக்கு உரிய வகுப்புப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவளால் தடுமாறாமல் படிக்க முடிந்த இடம் எது என்று தேடினார். அது முதல் வகுப்புப் புத்தகத்தின் பாதி. அங்கிருந்து தொடங்கினார். சாயங்காலம் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலரிடமும் அதே பக்கங்களைச் சொல்லி அனுப்பினார். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததும் இதே யோசனைதான். ஏழெட்டு மாதத்தில் அவள் தன் வகுப்புப் பாடத்தை வாசித்தாள். வேகம் இன்னும் குறைவுதான்.

ஆறாவது படிக்கும் பையனுக்கும் ஆசிரியை சொல்வது அதுதான். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்கி, தினமும் ராத்திரி கால் மணி நேரம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் அவனுக்கும் கூச்சம் இருக்காது. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே நிற்கிறான் என்று காதுக்குத் தெரியும். வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் ‘எழுத்துக் கூட்டுறான்’ என்று சொல்லிக் காட்ட வேண்டாம். வாய்க்கணக்கு வருகிறது என்றால் பால் கணக்கையும் கூலிக் கணக்கையும் அவனையே எழுத விடுங்கள்.

கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ பிள்ளைகளோடு புறப்படும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளம்பும் முன் பள்ளியில் சொல்லி, கூட வரும் உறவினர் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். போகிற ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.